மறு: 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள, மான்செஸ்டர் நகரத் தெரு ஒன்று இன்றைய வரைபடத்தில் இல்லை

நீங்கள் தேடும் தெரு கூகுளில் கிடைக்காது. அது இருந்த, மான்செஸ்டரின் ஹியூம் (Hulme) பகுதியின் வரிசை வீடுகள் பெரும்பாலும் 1960களில் இடிக்கப்பட்டு, தெருக்களின் அமைப்பே மாறிவிட்டது.

தெருப்பெயரைத் தேடும் முன், அந்தக் கணக்கெடுப்பு ஏட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கணக்கெடுப்பாளர் சுற்றிய பகுதியின் எல்லைகள் அதில் எழுதியிருக்கும். இது மிக முக்கியம்; ஒரே பெயரில் ஹியூமில் ஒன்று, பக்கத்து ஊரான சால்ஃபோர்டில் ஒன்று என்று தெருக்கள் இருந்தன. பலர் தவறுவது இங்கேதான். அடுத்து, அதே காலத்து ஸ்லேட்டர் டைரக்டரியில் (தெருக்களையும் முகவரிகளையும் பட்டியலிடும் நூல்) அந்தத் தெரு எந்தச் சாலையிலிருந்து பிரிகிறது என்று பாருங்கள்.

ஸ்காட்லாந்து தேசிய நூலக இணையதளத்தில் இங்கிலாந்து வரைபடங்களும் இலவசம். 1890களின் 1:2500 அளவுகோல் ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனம்) வரைபடத் தாளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்து, மேல்படத்தை மெல்ல மங்கலாக்குங்கள். சாலைகளை வைத்துப் பொருத்த வேண்டாம், அவை நகர்ந்துவிட்டன. செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயும் அதே இடத்தில் நிற்கின்றன. கால்வாய்க் கரை நான்கு மீட்டர் விலகித் தெரிந்தால், தெருவையும் அதே அளவு தள்ளிக் குறியுங்கள்.

வீட்டு எண் அந்தத் தாளில் இருக்காது. முனையில் 'பி.எச்.' (P.H., பப்ளிக் ஹவுஸ்) என்று மதுக்கடை குறித்திருந்தால், அதன் எண்ணை டைரக்டரியில் எடுத்து, அங்கிருந்து வீடுகளை எண்ணி வாருங்கள்.