அமெரிக்காவில் முதல் ஹாலோவீன்: 6 வயது மகளை வீடு வீடாக மிட்டாய் வாங்க அனுப்பலாமா?

தனியாக அனுப்ப வேண்டாம், கூடவே போங்கள். மற்றபடி தாராளமாக ட்ரிக் ஆர் ட்ரீட் போகலாம், அதாவது அக்டோபர் 31 ஹாலோவீன் மாலையில் குழந்தைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவது. மிட்டாயில் யாராவது விஷமோ பிளேடோ வைத்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். நான் நியூஜெர்சிக்கு வந்த புதிதில் என்னிடமும் எல்லாரும் இதைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். ஆனால் அன்று இரவு உண்மையில் பயப்பட வேண்டியது கார்களுக்கு.

டெலவேர் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதல் வந்த செய்திகளைத் துருவிப் பார்த்தவர். முன்பின் தெரியாத ஒருவர் வாசலுக்கு வந்த குழந்தைக்கு விஷ மிட்டாய் கொடுத்துக் கொன்றதாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயைத் தின்று இறந்தது உண்மை. கொடுத்தது பெற்ற தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. 1982இல் சிகாகோ பக்கம் டைலெனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே ஹாலோவீன் வந்ததால் பயம் நன்றாக வேரூன்றிவிட்டது.

இப்போது சாலைக்கு வருவோம். ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு 1975 முதல் 2016 வரையிலான ஹாலோவீன் மாலைகளை, ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளோடு ஒப்பிட்டது. நடந்து போகிறவர்கள் வாகனம் மோதி இறப்பது ஹாலோவீனில் 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு! நாடு முழுவதும் சேர்த்தால் எண்ணிக்கை சிறியதுதான், சராசரியாக நான்கு கூடுதல் மரணங்கள். ஆனாலும் உங்கள் மகளின் வயது அதற்குள் வருகிறதே.

எங்கள் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் நடைபாதை கிடையாது. இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருப்பார்கள். எதிர் வீட்டில் பெரிய சாக்லேட் கொடுக்கிறார்கள் என்று யாராவது கத்தினால் போதும், குழந்தை இரண்டு கார்களுக்கு நடுவில் புகுந்து ஓடும். அது வெளியே வந்த பிறகுதான் ஓட்டுகிறவர் கண்ணில் படும். அதனால் ஒரு பக்கத்து வீடுகளை முழுவதும் முடித்துவிட்டு, தெருமுனையில் கையைப் பிடித்துக் கடந்து, மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள். வாசல் விளக்கு அணைந்திருக்கும் வீட்டை விட்டுவிடுங்கள், அவர்கள் மிட்டாய் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

சூனியக்காரி, வௌவால் என்று பாதி வேடங்கள் கறுப்பு. வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டிவ் டேப்பை முதுகிலும் மிட்டாய்ப் பையிலும் ஒட்டுங்கள். குளிர் அடித்தால் மேலே ஜாக்கெட் போடுவோம், உடையில் ஒட்டியதெல்லாம் உள்ளே மறைந்துவிடும். அதனால் ஜாக்கெட்டிலும் ஒட்டிவிடுங்கள். முகமூடி பக்கப் பார்வையை மறைக்கும், முகத்தில் வண்ணம் தீட்டுவது மேல். ஒவ்வாமை வருகிறதா என்று முந்தின நாளே கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். உடை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும், தடுக்கி விழாமல் இருக்கும்.

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும்போது பருத்தி உடை போட்டுவிடுவோம் இல்லையா? இங்கே கடையில் விற்கும் வேடங்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர், வாசல் படிக்கட்டில் அலங்காரத்துக்குக் குடைந்து வைத்திருக்கும் பூசணிக்குள் சிலர் நிஜ மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். அதன் உயரமும் குழந்தையின் பாவாடை உயரமும் ஒன்று. அங்கே மட்டும் கண் வையுங்கள்.

மிட்டாயை வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்த பிறகு கொடுக்கலாம். உறை பிரிந்தது, வீட்டில் செய்தது, எங்கிருந்து வந்ததென்று தெரியாதது எல்லாம் குப்பைக்கு. மகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: சின்ன சைஸ் சாக்லேட்டின் சேர்மானம் பெரியதிலிருந்து மாறலாம், சிலதில் அச்சிட்டே இருக்காது. வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்திருக்கும் வீடுகளில் உணவு அல்லாத சிறு பொம்மைகள் கிடைக்கும். வீட்டில் 4 வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால் உருண்டையான கெட்டி மிட்டாய்களை எடுத்து ஒளித்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும்.

அப்புறம், உங்கள் வீட்டில் யாராவது காரில் வேலைக்குப் போகிறவர் என்றால் அவருக்கும் சொல்லுங்கள். அந்த ஆய்வில் 6 மணியை ஒட்டித்தான் ஆபத்து உச்சம். முடிந்தால் 5 மணிக்கு முன்பே வீடு வந்துவிடட்டும். முடியாவிட்டால் தெருவுக்குள் நுழைந்ததும் ஊர்ந்துதான் வர வேண்டும், ரிவர்ஸ் எடுக்கும் முன் ஒருமுறை இறங்கிப் பின்னால் பார்த்துவிட வேண்டும்.