டாக்டரிடம் சொன்னீர்களா? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

எனக்கு 23 வயது, கோவையில் வேலை பார்க்கிறேன். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் கொடுத்திருக்கிறார்கள். தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. முன்பைவிடப் படபடப்பு அதிகம், தூக்கமே இல்லை. செத்துவிடலாம் என்ற நினைப்பு முன்பு எப்போதாவது வரும், இப்போது தினமும் ராத்திரி வருகிறது. இணையத்தில் முகம் தெரியாத சிலரிடம் கேட்டேன். ஒருவர் உடனே நிறுத்து என்கிறார். ஒருவர் இரண்டு மடங்காக எடு என்கிறார். இன்னொருவர் ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான், பல்லைக் கடித்துக்கொண்டு பொறு என்கிறார். யாரை நம்புவது? நீங்கள் இந்த மாத்திரை எடுத்ததுண்டா? இதனால் கற்பனை மழுங்கிவிடுமா? தியானம் போதாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த இரவே தனியாக எழுதினேன். நண்பர் வந்து உங்களோடு தங்கியிருக்கிறார், மாத்திரைகள் அவர் கையில் இருக்கின்றன, நாளைக் காலை டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று பதில் போட்டீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பொதுவில் பதில் எழுதச் சம்மதித்ததற்கு நன்றி. இதே கேள்வியோடு இன்னும் பலர் விழித்திருப்பார்கள்.

நான் எடுத்தேனா என்பது உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. என் உடம்பு வேறு, என் வயது வேறு. கற்பனை, தியானம் எல்லாம் அப்புறம். முதலில் தூங்கி எழுங்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு வரி இல்லை. இப்படி நினைப்பு வருகிறது என்று டாக்டரிடம் சொன்னேன் என்ற வரி. தம்பி, ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள், என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். மருந்து எழுதிய மனுஷரிடம் ஏன் சொல்லவில்லை?

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். பக்கத்து நாற்காலியில் அம்மா இருப்பார், டாக்டர் கேட்டால் அம்மாவே பதில் சொல்வார். ‘தூக்கம் சரியில்ல டாக்டர், சாப்பிட மாட்டேங்கிறான்.’ அதோடு முடிந்தது. நடு ராத்திரியில் ஃபோனில் தட்டச்சு செய்வது அதைவிட எவ்வளவோ எளிது. புரிகிறது. ஆனால் அந்த மூன்று பேரும் உங்களிடம் என்ன கேட்டார்கள்? வயதைக் கேட்டார்களா? வேறு மாத்திரை எடுக்கிறீர்களா என்று? வீட்டில் யாருக்காவது இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கி, சில காலம் சோர்ந்து கிடக்கும் நோய், உண்டா என்று? அது இருப்பவருக்கு இந்த வகை மருந்தை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்த்திசையில் பொங்கிவிடலாம். கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் அங்கேதான் வருகிறது.

மூன்றாமவர் சொன்னது பாதி உண்மை. இம்மருந்துகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பக்கவிளைவுகள் அதற்கு முன்பே வந்துவிடும். வயிற்றுப் புரட்டல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் பலருக்கு வந்து அடங்கும். மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. இளம் வயதினரில் சிலருக்கு முதல் வாரங்களில் சாவு நினைப்பு கூடக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறுவர்களுக்காக இந்த எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிட வைத்தது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டியது. உங்களுக்கு 23. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த மாத ரிவ்யூ வரை காத்திருக்கக் கூடாத ஆள் நீங்கள். அதற்காக மாத்திரை விஷம் என்று அர்த்தமில்லை, எத்தனையோ பேரை அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. நிறுத்துவதா, குறைப்பதா, மாற்றுவதா, கூடவே வேறு ஒன்று தருவதா என்பதை உங்களை நேரில் பார்ப்பவர் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

என் பெரியம்மா மகன், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர், அந்த இருமுனைக் கோளாறுக்குப் பல வருடம் லித்தியம் எடுத்து நன்றாக இருந்தார். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் கண்டுகொண்ட சிகிச்சை அது. தற்கொலை ஆபத்தைக் குறைக்கிறது என்று திரும்பத் திரும்பக் காணப்பட்ட மருந்துகளில் ஒன்று. ஒருநாள் நாகர்கோவில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுவாக்கில், ‘இதச் சாப்பிட்டா கிட்னி போயிரும்’ என்றிருக்கிறார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்பதும் உண்மை, அதற்காகத்தானே அவ்வப்போது ரத்தப் பரிசோதனை? அண்ணன் அன்றிலிருந்து யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டார். சில வாரத்தில் தூக்கம் போயிற்று, கடன் வாங்கிக் கண்டதை வாங்கினார், பிறகு படுத்த படுக்கையாகி, தான் இருந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கினார். பெரியம்மா இரவெல்லாம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஆஸ்பத்திரி, மறுபடி லித்தியம், மெல்ல மெல்ல மீண்டார். இன்று பேரனைப் பள்ளிக்குக் கொண்டு விடுகிறார். அந்த பஸ்காரர் வள்ளியூரில் இறங்கிப் போய்விட்டார். தான் சொன்ன ஒரு வாக்கியம் என்ன செய்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆலோசனை சொல்பவர்களே, உங்களையும்தான் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் சாகத் தோன்றுகிறது என்று எழுதினால் ‘நான் இருக்கிறேன், பேசுங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். அது பெரிய உதவி. மருந்தின் அளவைச் சொல்லாதீர்கள். நாளை அவரைப் பார்க்கப் போவது நீங்கள் இல்லை.

எஸ்., இன்னொரு பயம் உங்களுக்கு இருக்கலாம், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று. நினைப்பு எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. முயன்றவரைக்கூட மிகுந்த மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை.

ராத்திரி நினைப்பு முற்றினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நண்பரை எழுப்புங்கள், அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416-க்கு அடித்தால் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, நாள் முழுவதும் உண்டு. 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050.

நாளைக்கு ஒன்று செய்யுங்கள். வாயால் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும், அதனால் இன்றே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மாத்திரை தொடங்கிய தேதி, தூங்கும் நேரம், சாக வேண்டும் என்ற நினைப்பு எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது. எதையும் மழுப்ப வேண்டாம். அம்மா வந்தால் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்ததும் தாளை டாக்டர் கையில் கொடுங்கள். அவர் அவசரமாகப் புரட்டினால் ‘இதை முழுசாப் படிங்க டாக்டர்’ என்று சொல்லுங்கள். அப்படியும் கேட்காத டாக்டர் என்றால் அன்றைக்கே வேறொருவரைப் பாருங்கள்.

பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா