பிளாஸ்டிக் பாட்டில் நூல் போர்வை குன்னூர் குளிருக்குச் சரிவருமா?

கேள்வி: குன்னூரில் நான்கு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கம்பளிகளை மாற்ற வேண்டும். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் செய்தது என்று ஒரு வியாபாரி போர்வை காட்டுகிறார். பானிப்பட் கம்பளியோ அதில் பாதி விலைதான். எதை வாங்கலாம்?

பதில்: பானிப்பட்டின் பழைய பாணிக் கம்பளியும் மறுசுழற்சிதான். பழைய ஸ்வெட்டர், கோட்டுகளைக் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்று நெய்வார்கள். ஆனால் அந்தப் பெயரில் வரும் பளபளப்பான மிங்க் வகை பெரும்பாலும் புது பாலியஸ்டர். ஓரத்தில் ஒரு நூலை உருவி, வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் அதில் கம்பளி இருக்கிறது. உருகிச் சுருண்டு கெட்டியான மணிபோல ஆனால் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை.

பாட்டிலை உருக்கி எடுக்கும் நூலும் பாலியஸ்டர்தான். சரி, ஒரு பாலியஸ்டர் போர்வை பாட்டிலிலிருந்து வந்ததா, புதியதா? இதை நெருப்பும் சொல்லாது, கையும் சொல்லாது. காகிதம்தான் சொல்ல வேண்டும். குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட் என்ற சர்வதேச மறுசுழற்சித் தரச் சான்றின் முத்திரையைப் பொருளின்மேல் போட, குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். வியாபாரியிடம் சதவீதத்தைக் கேளுங்கள்; தயாரித்த ஆலையின் சான்றிதழ் நகலையும் கேளுங்கள். இல்லை என்றால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

அப்புறம் நம் ஊர் ஈரம். ஐப்பசி மழையில் பழந்துணிக் கம்பளி நனைந்தால் நாள்கணக்கில் காயாது, வாடை பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும். ஆனால் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிரும். நம் கழிவுநீர் குன்னூர் ஆற்றில் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் பவானியில் சேர்கிறது. எனக்கு இதுதான் பெரிய உறுத்தல். அதனால் போர்வைக்குப் பருத்தி உறை தைத்துப் போடுங்கள். விருந்தினர் மாறும்போது உறையை மட்டும் துவைத்தால் போதும். போர்வையை எப்போதாவது பச்சைத் தண்ணீரில் அலசலாம்.

கணப்பு மூட்டும் அறையில் மட்டும் பாலியஸ்டர் வேண்டாம். ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டை விழும். அங்கே பழைய கம்பளியே இருக்கட்டும். உங்களிடம் இருப்பவற்றில் கிழியாதவற்றை எடுத்து ஓரம் அடித்து, உறை போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். புதிதாக எதுவும் வாங்காமலே ஒரு அறை முடிந்துவிடும்.

மற்ற அறைகளுக்கு முதலில் ஒரே ஒரு போர்வை வாங்கி, இரண்டு முறை அலசி, மூடுபனி நாளில் காயப்போட்டுப் பாருங்கள். அதன் பிறகு மீதிக்கு முன்பணம் கொடுங்கள்.