ஹுசேன் கான் நகிச்செவான்ஸ்கி: கேள்விகளும் பதில்களும்

தேதி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1918 பிப்ரவரி வரை ரஷ்யாவில் பழைய (ஜூலியன்) நாட்காட்டிதான். 20-ஆம் நூற்றாண்டுத் தேதி என்றால் 13 நாள் கூட்டுங்கள், 19-ஆம் நூற்றாண்டு என்றால் 12. இதைச் செய்யாமல் ஜெர்மன் நூலையும் ரஷ்ய நூலையும் அருகருகே வைத்தால் ஒரே சண்டை இரண்டாகத் தெரியும்.

கேள்வி: இவர் யார் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ரஷ்யப் பேரரசின் குதிரைப்படைத் தளபதி. நகிச்செவானின் (இன்றைய அஜர்பைஜானில் உள்ளது) கடைசி கான், அதாவது ஆட்சியாளர், எஹ்சான் கானின் பேரன். பிறந்தது 1863. பீட்டர்ஸ்பர்க் பேஜ் கோரில் (மேட்டுக்குடியினருக்கான இராணுவப் பள்ளி) படித்து, 1883-இல் ஜாரின் காவல்படைக் குதிரை ரெஜிமென்டில் சேர்ந்தார். ஜப்பானியப் போரில் 2-ஆம் தாகெஸ்தான் குதிரை ரெஜிமென்டை நடத்தினார். 1906 முதல் 1911 வரை தாம் தொடங்கிய அதே காவல்படை ரெஜிமென்டுக்கே தளபதி. 1915-இல் ஜாரின் ஜெனரல்-அட்ஜுடன்ட் (ஜாரின் பரிவாரத்தில் ஜெனரல்களுக்குத் தரும் கௌரவப் பட்டம்) ஆனார். அந்தப் பட்டம் பெற்ற ஒரே முஸ்லிம் இவர்தான். ரஷ்ய மொழியில் தேடும்போது ‘குசெயின்’ என்று தேடுங்கள். அங்கே ‘ஹ’ ஒலி ‘க’ ஆகிவிடும்.

கேள்வி: முதல் உலகப் போரில் இவர் நடத்திய கௌஷன் சண்டை வெற்றியா தோல்வியா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கிராமத்தைப் பிடித்தது வெற்றிதான். அதற்குக் கொடுத்த விலையும் மறுநாள் நடந்ததும்தான் பிரச்சினை.

1914 ஆகஸ்ட் 6 (புதிய கணக்கில் 19). ஜெனரல் ரென்னென்காம்ப்பின் ரஷ்ய முதலாம் சேனை ஜெர்மனியின் கிழக்கு பிரஷ்யாவுக்குள் நகர்கிறது. அதன் வலது ஓரத்தில் கானின் குதிரைப்படை. எதிரே நின்றது ஒரு ஜெர்மன் லாண்ட்வேர் பிரிகேட், அதாவது வயது கூடிய ரிசர்வ் வீரர்கள். சுற்றி வளைத்துப் பின்பக்கம் போயிருக்கலாம். கான் ஆட்களைக் குதிரையிலிருந்து இறக்கி, நேர் எதிரே நடத்தினார்.

குதிரை வீரனை இறக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூவரில் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். 120 பேர் உள்ள ஸ்குவாட்ரனில் சுட வருவது 80 துப்பாக்கிதான். ஒரு குதிரைப்படை டிவிஷனுக்குப் பீரங்கி மொத்தமே 12. காலாட்படை டிவிஷனின் சுடுதிறனோடு இதை ஒப்பிடவே முடியாது. பொழுது போகப் போகக் குண்டு தீர்ந்தது, காவல்படை அதிகாரிகள் பலர் விழுந்தார்கள். கடைசியில் ராங்கல் (பின்னாளில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படையின் தலைவரான அதே ராங்கல்) தன் ஸ்குவாட்ரனைக் குதிரை மேலேயே பாயவிட்டு இரண்டு பீரங்கிகளைக் கைப்பற்றினார். படங்களில் வருவது இந்தப் பாய்ச்சல் மட்டும்தான்.

என் பார்வையில் பெரிய பிழை அதன் பிறகுதான் நடந்தது. ஓய்வுக்காகவும் குண்டு நிரப்பவும் கான் படையைப் பின்னுக்கு இழுத்தார். மறுநாள் கும்பின்னன் சண்டையில் ரஷ்யர்களின் வலது ஓரம் திறந்து கிடந்தது. ஜெர்மன் ஜெனரல் ஃபிரான்சுவாவின் முதலாம் கார்ப்ஸ் ரஷ்யாவின் 28-ஆம் டிவிஷனை நொறுக்கியது, ஜெர்மன் குதிரைப்படை அதன் பின்பக்கம் வரை போய்விட்டது. தனிப்பட்ட வீரத்தில் கானுக்குக் குறை கிடையாது. ஓரத்தைக் காக்கும் வேலையை அவர் செய்யவில்லை.

கேள்வி: காக்கேசிய முஸ்லிம் தொண்டர்களின் ‘காட்டு டிவிஷன்’ இவர் தலைமையில்தானே இருந்தது?

இல்லை. அதன் முதல் தளபதி ஜாரின் தம்பி, இளவரசர் மிக்கயில் அலெக்சாந்தரோவிச். அஜர்பைஜானியர் இருந்தது அதன் ‘தாதார்’ ரெஜிமென்டில். காக்கேசியா பற்றிய அந்தக் காலத்து ஆவணங்களில் ‘தாதார்’ என்றால் பெரும்பாலும் அஜர்பைஜானியர்தான்.

கேள்வி: பாகுவில் இராணுவப் பள்ளிக்கு இவர் பெயர்தானே?

அது அவருடைய சகோதரரின் மகன் ஜம்ஷித் கானின் பெயர். சோவியத் செம்படையில் பிரிகேட் கமாண்டர். 1938-இல் சுடப்பட்டார்.

கேள்வி: கரபாக் குதிரையில்தான் சவாரி செய்தாரா?

குதிரை இனம் பற்றி வளர்ப்புத் துறைக்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: 1917 புரட்சியின்போது பெத்ரோகிராடு (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) மீது படையெடுக்கிறேன் என்று ஜாருக்குத் தந்தி அடித்தாராமே?

தந்தியைப் படியுங்கள். மார்ச் 3, பிற்பகல் 2.45. தலைமையகத்திலிருந்த ஜெனரல் அலெக்செயெவுக்குப் போனது. பெரிய நிகழ்வுகள் பற்றிச் செய்தி வந்திருக்கிறது, காவல்படைக் குதிரைப்படையின் எல்லையற்ற பற்றையும் மன்னருக்காக உயிர்விடத் தயாராக இருப்பதையும் அவர் காலடியில் வைக்க வேண்டும் என்பதுதான் சாரம். படையெடுப்பு பற்றி ஒரு சொல் இல்லை. ஜாரின் முடிதுறப்பு முந்தைய நாளே முடிந்துவிட்டது.

கேள்வி: அதை அவர் எழுதவே இல்லை. அவருடைய படைத்தலைமை அதிகாரி வினெகென் அனுப்பியது. கான் ஏற்காததால் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

வினெகென் அந்த நாட்களில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டது உண்மை. கான் ஊரில் இல்லாதபோது அவர் பெயரில் அனுப்பினார் என்பது நாடு கடந்து போனவர்களின் நினைவுக்குறிப்புகள் சொல்வது. தந்தியின் அடியில் இருப்பதோ கானின் பெயர்.

கேள்வி: பெயர் இருந்தால் போதுமா? தந்தியில் கையெழுத்து கிடையாதே!

நியாயமான மறுப்பு. தந்தித் தாள் எழுதியவர் யார் என்று காட்டாது. ஆனால் ஜாருக்குப் பின் வந்த தற்காலிக அரசுக்கு உறுதிமொழி எடுக்க கான் மறுத்தார், பதவியும் போனது. தந்தி வேறொருவர் எழுதியது என்றே வைத்துக்கொண்டாலும் அவர் நின்ற பக்கம் மாறவில்லை. வினெகெனின் சாவுக்குக் காரணம் கானின் கோபம்தான் என்று உறுதியாகச் சொல்லாதீர்கள், அதற்கு இந்த ஆதாரம் போதாது. இன்னொரு குதிரைப்படைத் தளபதி ஜெனரல் கெல்லரின் தந்தியையும் இதையும் குழப்பவேண்டாம். அது மார்ச் 6, முடிதுறப்பையே ஏற்க மறுத்தது.

கேள்வி: பாகு இராணுவப் பள்ளி இவர் பெயரில்...

மேலே பார்க்கவும். ஜம்ஷித் கான்.

கேள்வி: 1918 அஜர்பைஜான் குடியரசுப் படையில் என்ன பதவி வகித்தார்?

எதுவும் இல்லை. அங்கே பணியாற்றியவர்கள் மெஹ்மந்தாரோவும் ஷிக்லின்ஸ்கியும். இருவரும் பீரங்கிக்காரர்கள். கான் அப்போது பெத்ரோகிராடில் போல்ஷெவிக்குகளின் பிணைக்கைதி.

கேள்வி: 1919 ஜனவரியில் பீட்டர்-பால் கோட்டையில் இளவரசர்களோடு சுடப்பட்டார் என்பது சரியா?

அந்த நான்கு இளவரசர்கள் சுடப்பட்டது உறுதி. 1918-இல் அவர்களோடு அதே சிறையில் கான் இருந்ததும் உறுதி. இந்த இரண்டையும் ஒட்டவைத்து ‘அதே இரவில் அதே சுவரில்’ என்று எழுதுகிறார்கள். அவரையும் சுட்டுக் கொன்றிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் நாளுக்கும் இடத்துக்கும் ஆவணம் இல்லை, கல்லறையும் இல்லை. பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் இறந்த ஆண்டை எழுதும்போது 1919-க்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.