படத்தை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப் போயிருந்தேன். அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்யும் பூனையைப் பார்த்ததும் மனதில் வந்ததை மூன்று வரியாக எழுதினேன்:

பல்லவன் செதுக்கிய பாறையிலே
பூனை ஒன்று தவம் செய்ய
எலிகள் கூடி வணங்கின

படத்தோடு சேர்த்து நண்பர்களுக்கு அனுப்பினேன். “படத்திலேயே எல்லாம் இருக்கிறதே, கவிதை எதற்கு?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். படம் இல்லாமல் அனுப்பினால் புரியவில்லை என்கிறார்கள். சிற்பம், ஓவியம் பார்த்துக் குறுங்கவிதை எழுதுவது எப்படி? இத்தனை வரி, இத்தனை சொல் என்று கணக்கு உண்டா?

பதில்: உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. வருத்தப்படாமல் அதையே கையில் எடுத்துக்கொள்வோம். படம் இருந்தால் கவிதை வேண்டாம், படம் இல்லாவிட்டால் கவிதை புரியாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பல்லவன், பாறை, பூனை, தவம், எலி என்று நீங்கள் எழுதிய எல்லாமே பாறையில் ஏற்கெனவே இருக்கின்றன. பார்த்தவர் நீங்கள், உங்களிடமிருந்து அதில் எதுவும் சேரவில்லை. அதனால் அது படத்துக்குக் கீழே போடும் குறிப்பாக நின்றுவிட்டது.

எழுதி முடித்ததும் நான் செய்யும் சோதனை எளிமையானது. படத்தை மறைத்துவிட்டுக் கவிதையைப் படிப்பேன். தனியாக நிற்கிறதா? அப்புறம் படத்தைத் திறந்து வைத்து மறுபடி படிப்பேன். இப்போது படம் கொஞ்சமாவது மாறித் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் வைத்துக்கொள்வேன். என்னுடையவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடுகின்றன.

சரி, பாறைக்குத் திரும்புவோம். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். ஏறத்தாழ 90 அடி நீளம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள், நிஜ யானை அளவுக்கே யானைகள். அர்ச்சுனன் தவமா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதையா என்று அறிஞர்களிடையே இன்னும் பேச்சு உண்டு. இவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நின்று ஒரு பூனையை மட்டும் எடுத்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. முழுப் பாறையையும் மூன்று வரிக்குள் அடக்கப் போனவர்கள் எல்லாரும் ‘அற்புதம்’, ‘காலத்தை வென்றது’ என்ற சொற்களில்தான் போய் நின்றிருக்கிறார்கள்.

ஆனால் பூனையைக் கண்டதும் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். அங்கே இன்னும் பத்து நிமிடம் நின்றிருக்க வேண்டும். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கண்ணில் படுவதை வெறும் பெயர்ச்சொற்களாக எழுதுங்கள். பின்னங்கால்கள். தலைக்கு மேலே தூக்கிய முன்னங்கால்கள். வயிறு. எலிகள். யானையின் நிழல். அப்புறம் நிமிர்ந்து மேலே பாருங்கள். விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கும் தவசியும் இதேபோல் கைகளைத் தூக்கித்தான் நிற்கிறார். பூனை அவரைப் பார்த்துச் செய்கிறது. எங்கெங்கே ஒரே வடிவம் திரும்ப வருகிறதோ அங்கே சிற்பி ஏதோ சொல்கிறார் என்று பொருள்.

அடுத்து, கல்லால் காட்ட முடியாதவற்றைப் பட்டியல் போடுங்கள். ஓசை, வாசனை, சூடு, ஈரம், முன்பு நடந்தது, பிறகு நடக்கப் போவது. ஓவியமும் சிற்பமும் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. மொழிக்கோ வினைச்சொல் இருக்கிறது, காலம் காட்டும் இடைநிலை இருக்கிறது. சிற்பத்தால் செய்ய முடியாததை உங்கள் மூன்று வரி செய்யட்டும்.

இந்தப் பூனை விஷயத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. தவசி வேடம் போட்டு எலிகளை ஏமாற்றும் பூனைக் கதை ஊருக்கே தெரியும். அதனால் ‘போலிச் சாமியார்’ என்ற இடத்துக்குக் கை தானாகவே போகும். போகவிடாதீர்கள். அது கதையின் கருத்து. உங்கள் கண் கண்டதல்ல. படிப்பவர் இரண்டாம் வரியிலேயே முடிவைக் கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் வரிகளையே திருத்திப் பார்ப்போம். முதல் வரி முழுவதும் போகலாம். அது இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். ‘தவம் செய்ய’ என்பது பூனையின் உடலை மறைக்கிறது. தவம் என்பது கருத்து, தூக்கிய கை என்பது காட்சி. ‘கூடி வணங்கின’ என்பது நீங்கள் கொடுத்த விளக்கம். எலிகள் வணங்குகின்றனவா, பயந்து நிற்கின்றனவா, சும்மா இருக்கின்றனவா என்று பார்ப்பவர் யோசிக்கட்டுமே. நான் முதலில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள்
கை தூக்கி நிற்கிறது
பசித்த பூனை

பரவாயில்லை, காலம் உள்ளே வந்துவிட்டது. ஆனால் எண்ணைச் சொன்னதும் வழிகாட்டியின் குரல் கேட்கிறது. ‘பசித்த’ என்ற அடைமொழியும் நான் ஒட்டியது. எலிகளைக் காணோம். இரண்டு நாள் கழித்து வந்தது இது:

தவம்

இன்னும் கை இறக்கவில்லை பூனை.
இன்னும் ஓடவில்லை
எலிகள்.

‘தவம்’ என்ற சொல் தலைப்புக்கு ஏறியதும் கவிதைக்குள் இடம் கிடைத்தது. ‘இன்னும்’ என்ற ஒரு சொல் பதின்மூன்று நூற்றாண்டையும் சுமக்கிறது. எலிகளும் அசையாமல் நிற்பதால் தவம் யாருடையது என்ற கேள்வியும் தானாக எழுகிறது. படத்தை மறைத்தாலும் இது நிற்கும் என்று நம்புகிறேன். குறுங்கவிதையில் தலைப்பை வீணாக்கக் கூடாது. அது கணக்கில் வராத ஓர் இலவச வரி. ‘மாமல்லபுரத்தில் ஒரு பூனை’ என்று வைத்திருந்தால் அந்த வரியை விளக்கத்துக்கே செலவழித்திருப்பேன்.

வரிக் கணக்கு கேட்டீர்கள். ஜப்பானிய ஹைக்கூவுக்கு 5, 7, 5 என்று 17 ஒலி. ஆனால் அவர்கள் எண்ணும் முறை வேறு. நெடில் அங்கே இரண்டாகக் கணக்கு. ‘ன்’ என்ற மெய்கூடத் தனியாக ஒன்று. நம் யாப்பில் ஒற்று எனப்படும் மெய்யைத் தனியாக எண்ணுவதில்லை. தமிழ்ச் சொல்லோ ஒட்டி ஒட்டி நீளும். ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல், ஒற்றுகளை நீக்கி எண்ணினாலும் ஏழு எழுத்து. நடுவரி முழுக்க அதற்கே போய்விடும். ஆகவே அந்தக் கணக்கைத் தமிழில் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தைப் பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் வியந்து எழுதினார். அதற்கு வெகு காலம் முன்பே ஐங்குறுநூற்றில் மூன்றடிப் பாடல்கள் உண்டு. குறளுக்கு ஏழே சீர். சுருக்கம் நமக்கு இரவல் பொருளல்ல. பத்துச் சொல்லுக்குள் நிற்க முயலுங்கள், பன்னிரண்டு ஆனால் குற்றமில்லை.

தமிழ் தரும் வசதிகளையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ‘வந்தாள்’ என்றாலே ஆளும் பாலும் காலமும் வந்துவிடுகின்றன; ‘அவள்’ தேவையில்லை. பெயரெச்சத்தில் தொடங்கிப் பெயர்ச்சொல்லில் முடித்தால் கடைசிச் சொல் வரை படிப்பவர் காத்திருப்பார். ‘போல’ வரும் இடங்களில் ஒருமுறை நின்று யோசியுங்கள். நம் அகப்பாடல்களில் உள்ளுறை என்று ஒரு முறை உண்டு. மீனையும் நாரையையும் மட்டும் சொல்லி, மனிதரை வெளியே சொல்லாமலே உணர்த்துவார்கள். குறுங்கவிதைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

படமும் கவிதையும் சேர்ந்தே இருக்கும் வகையும் ஒன்று உண்டு. ஜப்பானில் ஹைகா என்பார்கள். ஒரே தாளில் சில தூரிகைக் கோடுகள், பக்கத்தில் ஹைக்கூ. யோசா புசோன் (1716–1784) ஓவியர், கவிஞர் இரண்டுமாகப் பெயர் பெற்றவர். நல்ல ஹைகாவில் கவிதை சொன்னதைப் படம் வரையாது, படம் காட்டியதைக் கவிதை சொல்லாது. நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டும் நிற்கும். படத்தோடுதான் அனுப்புவேன் என்றால் நீங்கள் பின்பற்ற வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

சிற்பத்தைவிட ஓவியத்தில் தொடங்குவது சுலபம் என்பது என் அனுபவம். எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஒளியே சொல்லிவிடும். வான்கோ 1885இல் நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொங்கு விளக்கு, அதன் கீழே ஐந்து பேர், நடுவில் ஆவி பறக்கும் கிழங்குத் தட்டு. மண்ணைக் கொத்திய அதே கைகள்தான் இப்போது தட்டுக்கு நீள்கின்றன என்று வான்கோ தம்பி தியோவுக்கு எழுதினார். தோலுரிக்காத, மண் படிந்த கிழங்கின் நிறத்தில் ஆட்களைத் தீட்டியதாகவும் சொன்னார். அருமையான வரிகள். அதனால்தான் அந்தக் கைகளைப் பற்றி நாம் எழுதக் கூடாது. ஓவியரே சொல்லி முடித்துவிட்டார். இதை முதலில் படித்துவிட்டால் நம் கண் அந்தக் கைகளைவிட்டு நகராது. ஓவியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்புப் பலகையை, உங்கள் முதல் வரைவு முடிந்த பிறகு படியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நான் வேறெங்கே பார்த்தேன்? ஐந்து பேரில் ஒருத்தி நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். சிறுமி. விளக்கொளி அவள் முகத்தில்தான் நேராக விழுகிறது, ஆனால் நமக்குத் தெரியாது.

நான்கு முகங்கள்.
முதுகு காட்டும் சிறுமிக்கு
யார் ஜாடை?

கேள்வியில் முடிவது சில சமயம் வெறும் தந்திரமாகிவிடும். இங்கே அந்தக் கேள்வி படத்துக்குள்ளேயே இருக்கிறது. படித்துவிட்டு ஓவியத்தைப் பார்ப்பவர், அந்த நான்கு முகங்களிலும் அவளைத் தேடாமல் இருக்க மாட்டார்.

எந்த உருவமும் இல்லாத நவீன ஓவியம் என்றால்? பலர் அங்கே தடுமாறிப்போய் ‘வண்ணங்களின் நடனம்’ என்று எழுதிவிடுகிறார்கள். சென்னைக்கு அருகே சோழமண்டல ஓவியர் கிராமம் 1966இல் உருவாகக் காரணமாக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று ஒரு வரிசை தீட்டினார். ஜாதகக் கட்டம் மாதிரிக் கட்டங்கள், நெருக்கமாக ஏதோ எழுதியிருப்பது போன்ற வரிகள். கிட்டே போய்ப் பார்த்தால் படிக்கக் கூடிய எழுத்தாக எதுவும் இராது. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘இப்படி நான் எப்போது நின்றிருக்கிறேன், யார் இப்படி நிற்கப் பார்த்திருக்கிறேன்’ என்று கேட்டுக்கொண்டபோதுதான் வழி திறந்தது.

படிக்க முடியாத எழுத்து.
என் கடிதங்களை அம்மா
இப்படித்தான் பார்த்திருப்பாள்.

ஓவியத்தின் பெயரோ ஓவியர் பெயரோ இதற்குள் இல்லை. கீழே சிறிய எழுத்தில் ‘பணிக்கரின் ஓவியம் பார்த்து’ என்று போட்டால் போதும். நன்றிக்காகவும் நேர்மைக்காகவும் அதைக் கட்டாயம் போடுங்கள். இன்னொன்று, இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவர் படைப்புக்குக் காப்புரிமை உண்டு. வான்கோ ஓவியத்தைத் தாராளமாகப் போடலாம். இன்று வாழும் ஓவியரின் படத்தை உங்கள் கவிதையோடு வெளியிடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக, மறுபடியும் மாமல்லபுரம் போகும் எண்ணம் இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். அந்தப் பாறை கிழக்குப் பார்த்து இருக்கிறது. காலை வெயில் சாய்ந்து விழும்போது மதியத்தில் தட்டையாகத் தெரிந்த உருவங்கள் எழுந்து நிற்கும். பாறையின் நடுவில் பிளவு, அதில் நாகர்கள். மேலே தொட்டி இருந்ததற்கான தடயங்களை வைத்து, அந்தப் பிளவில் தண்ணீரை ஓடவிட்டிருக்கலாம் என்கிறார்கள். ஒரு மழை நாளில் அங்கே நிற்க வாய்த்தால் எழுத வேறு ஒன்று கிடைக்கும். பக்கத்திலேயே தனிக் கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறது, பின்னால் ஆண் குரங்கு அதன் தலையில் பேன் பார்க்கிறது. அதைப் பற்றி நான் இதுவரை எதுவும் எழுதவில்லை. பிள்ளைகளோடு போனால் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, பத்து நிமிடம் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்ததில் உங்களுக்குத் தப்பியது என்ன என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதிலிருந்து உங்கள் அடுத்த கவிதையைத் தொடங்குங்கள்.