பண்டிகையைச் சொல்லிக் கொடுங்கள், சடங்கைச் செய்ய வைக்காதீர்கள்

கேள்வி: நான்காம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் நாலைந்து மதத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தப் பண்டிகையும் கொண்டாடாத வீட்டுப் பிள்ளை ஒன்றும் உண்டு. 'உலகப் பண்டிகைகள் தினம்' நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். "எங்கள் பிள்ளைக்கு வேறு மதத்தைப் புகட்டப் போகிறீர்களா?" என்று ஒரு தந்தை இப்போதே கேட்டுவிட்டார். யார் மனமும் புண்படாமல் இதை எப்படி நடத்துவது?

பதில்: அந்தத் தந்தையிடமிருந்தே தொடங்குவோம். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஒரு மதத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது வேறு, அந்த மதத்தின் சடங்கைச் செய்ய வைப்பது வேறு. "ரமலான் மாதத்தில் முஸ்லிம்கள் விடியலிலிருந்து சூரியன் மறையும்வரை நோன்பிருக்கிறார்கள்" என்று சொன்னால் அது பாடம். "வாருங்கள், நாமும் கையேந்தி ஒரு துஆ செய்வோம்" என்றால் அது வழிபாடு. முதலாவதை எந்த வகுப்பிலும் தாராளமாகச் செய்யலாம். இரண்டாவதை எந்த ஆசிரியரும் செய்யக் கூடாது.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. அரசுப் பள்ளிகள் நடத்திய பைபிள் வாசிப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-ல் தடை செய்தது. அதே தீர்ப்பில், மதங்களை நடுநிலையோடு ஒரு பாடமாகப் படிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு 2007-ல் வெளியிட்ட டொலிடோ வழிகாட்டிக் கோட்பாடுகளும் பள்ளிகளில் மதங்களைப் பற்றி எப்படிக் கற்பிப்பது என்பதற்காகவே எழுதப்பட்டவை.

வகுப்பில் இதைக் கடைப்பிடிக்க ஒரு வழி போதும். "இயேசு உயிர்த்தெழுந்த நாள்" என்று சொல்லாமல் "இயேசு உயிர்த்தெழுந்ததாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் நாள்" என்று சொல்லுங்கள். யார் நம்புகிறார்கள் என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கட்டும். உங்கள் சொந்த மதத்தைப் பற்றிப் பேசும்போதும் அப்படியே. பெரும்பாலான ஆசிரியர்கள் சறுக்குவது அங்கேதான்: மற்ற மதங்களுக்கெல்லாம் 'நம்புகிறார்கள்' என்பார்கள், தங்கள் மதத்துக்கு வரும்போது நடந்த சரித்திரமாகவே சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது, முக்கியமான எச்சரிக்கை. இப்படி ஒரு தினம் என்று செய்தி வெளியே போனால் போதும், பள்ளி அலுவலகத்தில் தரகர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பத்துப் பண்டிகை அடங்கிய பெட்டி, வாடகை உடை, மேடை அலங்காரம், புகைப்படம் எல்லாம் ஒரே தொகை என்பார்கள். கமிஷன் யாருக்குப் போகிறது என்பது உங்கள் காதுக்கு வராது. செலவு மட்டும் பெற்றோர் தலையில் விழும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட ஒரு பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்திருக்கிறேன். யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கான அட்டையில் ஏழு கிளை விளக்கு அச்சடித்திருந்தார்கள். ஹனுக்கா விளக்கில் இருக்க வேண்டியது ஒன்பது: எட்டு இரவுகளுக்கு எட்டு, அவற்றை ஏற்றுவதற்கு ஒன்று. அட்டையின் கீழே 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்று வேறு போட்டிருந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யூதர்களுக்கு ரோஷ் ஹஷானா (புத்தாண்டு), யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்), பெசாக் (பாஸ்கா) ஆகியவைதான் பெரிய நாள்கள். ஹனுக்கா மத முறைப்படி அவற்றைவிடச் சிறியது. பெரும்பாலும் டிசம்பரில் வருகிறது என்பதால் விற்பனைக்காரர்கள் அதைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

அடுத்த தாளைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. பலூன் படம் போட்டு 'ஆஷூரா வாழ்த்துகள்'. முஹர்ரம் மாதத்தின் பத்தாம் நாள் அது. கி.பி. 680-ல் கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரன் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைத்து ஷியா முஸ்லிம்கள் அழும் நாள். சுன்னி முஸ்லிம்களில் பலர் அன்று நோன்பிருப்பார்கள். ஒரு ஷியா பிள்ளையின் கையில் அந்தப் பலூன் அட்டையைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால் அது என்ன செய்யும்? புனித வெள்ளிக்கு 'வாழ்த்துகள்' சொல்வதும் இதே தவறுதான். எல்லா மத நாள்களும் கொண்டாட்டம் இல்லை. துக்கம், விரதம், பாவமன்னிப்பு என்றும் உண்டு. பெட்டி தயாரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல நேரமில்லை, நமக்கு இருக்கிறது.

உடை மாற்றி ஊர்வலம் விடுவதையும் தவிர்த்துவிடுங்கள். துறவியின் காவி மாறுவேடப் போட்டிக்கான துணி அல்ல.

பின்னே என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பத்துப் பண்டிகைக்கு ஆசைப்படாமல் ஒன்றிரண்டை எடுத்து நிதானமாகச் சொல்லுங்கள். தீபாவளியை எடுத்துக்கொண்டால், இந்துக்களிலேயே சிலருக்கு அது நரகாசுரன் அழிந்த நாள், சிலருக்கு ராமர் அயோத்தி திரும்பிய நாள். சமணர்களுக்கு மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள். சீக்கியர்கள், குரு ஹர்கோபிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து விடுதலையானதை அதையொட்டிக் கொண்டாடுகிறார்கள். "எது டீச்சர் நிஜம்?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். "ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். உன் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று போய்க் கேட்டு வா" என்று சொல்லிவிடுங்கள். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை.

முதல் பாடத்துக்கு என்னைக் கேட்டால் நாட்காட்டிதான். யார் மனமும் நோகாது, கணக்கும் உள்ளே வந்துவிடும். இஸ்லாமிய ஆண்டு முழுக்க நிலாக் கணக்கு, 354 அல்லது 355 நாள். அதனால் ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு சுற்று வந்துவிடும். 2030-ல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பரில் இன்னொன்றும் தொடங்கும் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் சூரியக் கணக்கு, மார்ச் 20, 21-ஐ விட்டுப் பெரிதாக நகராது. யூதர்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டு, 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்கிறார்கள். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் திருச்சபைகளுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல் வருகிறது. அதற்கும் நாம் பயன்படுத்தும் நாட்காட்டிக்கும் இப்போது 13 நாள் இடைவெளி.

எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி "உங்கள் பண்டிகையைப் பற்றி நீ சொல்லு" என்று கேட்காதீர்கள். எட்டொன்பது வயதுப் பிள்ளை ஒரு மதத்துக்கே பிரதிநிதி ஆகாது. தானாகச் சொல்ல வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பண்டிகையே கொண்டாடாத அந்தப் பிள்ளை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தச் சுற்றறிக்கையிலும் இந்தப் பிள்ளைக்கு ஒரு வரிகூட இருக்காது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் குடும்பங்களில் கிறிஸ்துமஸும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. மத நம்பிக்கையே இல்லாத குடும்பங்களும் உண்டு. "உன் வீட்டில் என்ன பண்டிகை?" என்ற சாதாரணக் கேள்வியே அந்தப் பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிடும். நூலகத்துக்கு அனுப்பிவிடுவதும் கூடாது, அது தண்டனையாகத்தான் தெரியும். முன்கூட்டியே பெற்றோரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: பாடத்தைக் கேட்கலாமா, வாழ்த்து அட்டை செய்யலாமா, பாட்டில் சேரலாமா, பகிர்ந்துகொள்ளும் தின்பண்டத்தை வாங்கிக்கொள்ளலாமா, குழுப் படத்தில் நிற்கலாமா? ஒரு வீட்டில் சரி என்பது இன்னொரு வீட்டில் சரியாக இருக்காது. பதிலை எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கு வகுப்பெடுக்க வேறு ஆசிரியர் வந்தால் அவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். 'நம் வீட்டின் முக்கியமான நாள்' என்று தலைப்பை மாற்றினால், புதிய வீட்டுக்குக் குடிபோன நாளைப் பற்றி அந்தப் பிள்ளையும் எழுதும்.

நிர்வாகத்தின் மீது எனக்கு உள்ள கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு நாள் மேடை போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அதே பள்ளியின் தேர்வு அட்டவணையில் ஒரு மதத்தின் புனித நாளன்று கணக்குத் தேர்வு இருக்கும், நோன்பு மாதத்தில் நண்பகல் வெயிலில் ஓட்டப் பந்தயம் இருக்கும். ஆசிரியருக்கு ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கிடையாது, தவறு நடந்தால் பழி மட்டும் அவர்மீது. உங்களால் முடிந்தால் இந்த ஆண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் மத நாள்களைக் குறித்த ஒரு தாள், தேர்வு அட்டவணை போடுகிறவரின் மேசையில்.

அந்தத் தந்தையைப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிறுத்திப் பேசாதீர்கள். உட்கார வைத்து, நடத்தப்போகும் பாடத்தின் தாளையே அவர் கையில் கொடுங்கள். பிரார்த்தனை இல்லை, சடங்கு இல்லை, உறுதிமொழி இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். விரும்பினால் பின் வரிசையில் அமர்ந்து கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.