ஊட்டிக் குளிரில் பி3எச்டி படலத்தின் ஒளி உட்கவர்தல் மாறுவது ஏன்?

வணக்கம். ஊட்டி ஆய்வகத்தில் காலை 8 டிகிரியில் பி3எச்டி (ஒரு குறைக்கடத்திப் பாலிமர்) படலத்தின் ஒளி உட்கவர்தல் வரைபடம் முழுவதுமே உயர்ந்து நிற்கிறது, மதியம் 20 டிகிரியில் அதே படலம் இறங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாலிமரைச் சந்தேகிக்கும் முன் 750 நானோமீட்டருக்கு அப்பால் பாருங்கள். பி3எச்டி அங்கே ஏறக்குறைய எதையும் உட்கவர்வதில்லை. அங்கும் கோடு தூக்கியிருந்தால், இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்த நுண்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்றே நான் நினைப்பேன். மலை மூடுபனி கதவைத் தட்டிவிட்டா உள்ளே வருகிறது! உலர் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளக்கும் கருவியின் விளக்கு சூடேறவும் அரை மணி நேரம் கொடுங்கள்.

உண்மையான வெப்ப விளைவின் முகம் வேறு. சூடேறினால் பாலிமர் சங்கிலிகள் முறுக்கிக்கொள்ளும், எலக்ட்ரான் பரவும் நீளம் குறையும். வரைபடத்தின் உச்சி நீலப் பக்கம் நகர, 605 நானோமீட்டர் அருகில் அதன் பக்கவாட்டில் உள்ள சிறு மேடு, அதாவது தோள், மங்கும். குளிர்ந்தால் நேர்மாறு. வெறும் 12 டிகிரி வித்தியாசத்தில் இந்த மாற்றம் மிகச் சிறியது. வரைபடம் முழுவதையும் அது தூக்காது.

காலையில் பூசிய படலத்தையும் மதியம் பூசியதையும் ஒப்பிடுகிறீர்கள் என்றால் கதையே வேறு. குளிரில் பாலிமரைக் கரைக்கும் திரவமான குளோரோபென்சீன் மெதுவாக ஆவியாகும். சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கும், தோள் வலுக்கும். அந்த வேறுபாடு மதிய வெயிலில் மறைந்துவிடாது.